பெட் ஸ்கேன் எடுத்தால் தம்பி எழுந்திருப்பாரா என்று தெரியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. நாலரை மாதத்துக்கு முன்பு பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, மண்டை ஓட்டின் வலது பக்கத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த எலும்பை இன்னும் திரும்ப வைக்கவில்லை. முதல் ஒரு மாதம் கண்ணே திறக்கவில்லை. இப்போது பகலில் கண் திறந்திருக்கிறார், ராத்திரியில் தூங்குகிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கழுத்தில் மூச்சு விடத் துளையிட்டு வைத்த குழாய் (டிரக்கியாஸ்டமி), மூக்கில் சாப்பாட்டுக் குழாய். வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறோம். வலிப்புக்கும் கைகால் இறுக்கத்துக்கும் மாத்திரை கொடுக்கிறோம். "வெஜிடேட்டிவ் ஸ்டேட், இனி இவ்வளவுதான்" என்கிறார் டாக்டர். அம்மாவோ, "நான் அங்கிட்டு இங்கிட்டு போனா அவன் கண்ணு என் பின்னாலயே வருது" என்கிறார். பெட் ஸ்கேன் எடுத்தால் கோமாவில் இருப்பவர் எழுந்திருப்பாரா என்று தெரிந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா? கதிரியக்க மருந்து ஆபத்தா? போனால் என்னென்ன கவனிக்க வேண்டும்? முடிவு மோசமாக வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?
- ஓர் அக்கா, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: எடுக்கலாம். ஆனால் அடுத்த வாரமே ஆம்புலன்ஸ் பிடித்துக் கிளம்ப வேண்டாம். முதலில் வீட்டிலும் பக்கத்து ஊரிலும் முடிக்க வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் எடுத்தால், தம்பியின் மூளை உண்மையில் இருப்பதைவிட மோசமாகப் படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தை வைத்து ஒரு குடும்பம் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

உங்கள் தம்பி இப்போது கோமாவில் இல்லை. கோமா என்றால் கண் மூடியே இருக்கும், கிள்ளினாலும் திறக்காது. அந்த நிலை பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. கண் திறந்து, தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தும் சுயநினைவுக்கு அடையாளமே இல்லை என்றால் அதுதான் வெஜிடேட்டிவ் ஸ்டேட். 2010 முதல் இதை 'விழித்திருந்தும் பதிலற்ற நிலை' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும், அதில் காய்கறி என்ற வாடையே இல்லை. இதற்கு அடுத்த படி, குறைந்தபட்ச சுயநினைவு நிலை. கண் ஒரு பொருளைப் பின்தொடரும், எப்போதாவது சொன்னதைச் செய்வார், பிறகு மணிக்கணக்கில் எதுவும் இருக்காது. இந்த இரண்டு நிலைகளில் தம்பி எதில் இருக்கிறார் என்பதே இப்போதைய கேள்வி. இரண்டாவது நிலையில் இருப்பவர்கள் மேலும் தேறும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அந்த வித்தியாசம் பெரிது.

இனி ஸ்கேனுக்கு வருவோம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதன் எரிபொருள் குளுக்கோஸ். பெட் ஸ்கேனுக்கு ஊசியில் போடும் எஃப்டிஜி என்ற மருந்து குளுக்கோஸைப் போலவே இருக்கும், அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டப்பட்டிருக்கும். மூளைச் செல் இதைக் குளுக்கோஸ் என்று நினைத்து உள்ளே இழுத்து முதல் படி வரை செரிக்கிறது, அடுத்த படிக்குப் போக முடியாமல் மருந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. எந்தப் பகுதி அதிகம் வேலை செய்கிறதோ அங்கே அதிகம் சிக்கும். கேமரா அதைத்தான் எண்ணுகிறது. மனிதர்களிடம் இதை முதலில் செய்து பார்த்தது 1976இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்.

சி.டி.யும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யும் மூளையின் கட்டடத்தைக் காட்டும். சுவர் எங்கே இடிந்திருக்கிறது என்று அவற்றில் தெரியும். எந்த அறையில் அடுப்பு எரிகிறது என்று பெட் காட்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் மூளை அணைந்து கிடப்பதும், சேதம் அதிகமாகத் தெரியும் மூளை எரிந்துகொண்டிருப்பதும் உண்டு.

1987இல் நியூயார்க் மருத்துவர்கள், சுயநினைவில்லாத நோயாளிகளின் மூளையின் வெளி அடுக்கான மேற்பட்டை சாதாரண அளவில் பாதிக்கும் குறைவான குளுக்கோஸையே எரிக்கிறது என்று காட்டினார்கள். 1998இல் கேம்பிரிட்ஜில், பதிலே இல்லாத ஒரு நோயாளிக்குத் தெரிந்தவர்களின் முகப் படங்களைக் காட்டியபோது, முகத்தை அடையாளம் காணும் பகுதி பெட்டில் ஒளிர்ந்தது. அங்கே பயன்படுத்தியது ஆக்சிஜன்-15 கலந்த நீர். இரண்டே நிமிடத்தில் பாதியாகிவிடும் பொருள் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். நம் ஊர் மருத்துவமனைகளில் கிடைப்பது எஃப்டிஜி.

இந்தத் துறையில் அதிகம் உழைத்தது பெல்ஜியத்தின் லீஜ் நகரக் குழு. சுயநினைவு மூளையின் ஒரே புள்ளியில் இல்லை, நெற்றிப் பகுதியும் உச்சந்தலைக்குப் பின்பகுதியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரு வலையில் இருக்கிறது என்று அவர்களின் படங்கள் காட்டின. அந்த வலை இரண்டு பக்கமும் முழுக்க மங்கியிருந்தால் விழித்திருந்தும் பதிலற்ற நிலை, அங்கங்கே எரிந்தால் குறைந்தபட்ச சுயநினைவு என்று படிக்கிறார்கள். 2014இல் 126 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டிலருகே கவனமாகச் செய்த பரிசோதனையோடு பெட் 85 சதவீதம் ஒத்துப்போனது. பரிசோதனையில் பதிலே இல்லாத 41 பேரில் 13 பேருக்கு, சுயநினைவுக்கு ஏற்ற செயல்பாடு மூளைப் படங்களில் தெரிந்தது. அந்த 13 பேரில் 9 பேர் பின்னால் சுயநினைவு பெற்றார்கள்.

உறவினர் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பின்னாளில் என்ன ஆகும் என்பதை பெட் சரியாகக் கணித்தது 74 சதவீதம் பேரிடம். நாலில் ஒருவருக்குத் தவறிப்போயிருக்கிறது. அதுவும் இதையே தொழிலாக வைத்திருக்கும் இடத்தில். ஆகவே பெட் ஜாதகம் அல்ல. இன்றைக்கு, இந்த அரை மணி நேரத்தில் மூளை எவ்வளவு எரிக்கிறது என்றுதான் அது சொல்லும். அம்மாவின் கண்ணும் டாக்டரின் கையும் சொல்வதோடு சேர்த்துப் பார்க்க இன்னொரு சாட்சி, அவ்வளவே. 2020இல் ஐரோப்பிய நரம்பியல் அமைப்பு தந்த வழிகாட்டுதலும் பெட்டைப் பல பரிசோதனைகளில் ஒன்றாகவே வைக்கிறது.

சரி, கிளம்பும் முன்.

முதலில் அம்மா சொல்வதைச் சோதியுங்கள். கண் பின்தொடர்வதுதான் சுயநினைவு திரும்பும்போது முதலில் எட்டிப் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று. டாக்டர் விரலையோ டார்ச்சையோ ஆட்டிப் பார்த்து 'இல்லை' என்று எழுதியிருக்கலாம். அதற்குச் சரியான கருவி முகம் பார்க்கும் கண்ணாடி. மனிதனின் கண்ணை அவனுடைய முகத்தைப் போல எதுவும் இழுப்பதில்லை. குளிப்பாட்டிய பின், நன்றாக விழித்திருக்கும் வேளையில் தலைமாட்டை உயர்த்தி உட்கார வையுங்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடியை முகத்துக்கு நேரே 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்தில், அவர் முகம் அவருக்கே தெரியும்படி பிடியுங்கள். "கண்ணாடியைப் பாரு" என்று சொல்லிவிட்டு, மெதுவாக வலப்பக்கம் 45 டிகிரி, பிறகு இடப்பக்கம், பிறகு மேலே, கீழே. ஒவ்வொன்றும் இரண்டு முறை. பார்வை நழுவாமல் 45 டிகிரி தூரமும் இரண்டு முறை கூடவே வந்தால் அது கணக்கில் சேரும். கண் தானாக அலைந்து தற்செயலாகக் கண்ணாடி மேல் விழுவது சேராது. பக்கவாட்டிலிருந்து இன்னொருவர் மொபைலில் வீடியோ எடுக்கட்டும், கண்ணும் கண்ணாடியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தேதி, நேரம், கடைசியாக மாத்திரை கொடுத்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

இந்தக் கண்ணாடிச் சோதனை 'கோமா ரிகவரி ஸ்கேல் ரிவைஸ்டு' என்ற பரிசோதனையின் ஒரு பகுதி. கேட்பது, பார்ப்பது, கைகால் அசைவு, வாய் அசைவு, தகவல் பரிமாற்றம், விழிப்பு என ஆறு பிரிவுகள், மொத்தம் 23 மதிப்பெண். ஒரு நாள் பார்த்தால் போதாது. இவர்களின் விழிப்பு காலைக்கு மாலை மாறும் என்பதால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது பார்க்க வேண்டும். இதைப் பார்க்காததால் வரும் தவறு சிறியதல்ல. 2009இல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவக் குழு ஒருமித்து வெஜிடேட்டிவ் என்று முடிவு செய்த 44 பேரை இந்த முறையில் பார்த்தபோது 18 பேருக்குக் குறைந்தபட்ச சுயநினைவு இருந்தது. எந்த ஸ்கேனும் இல்லாமல் கண்டுபிடித்தது இது. நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, மண்டை எலும்பு. எடுத்த இடத்தில் தோல் குழிந்து உள்ளே போயிருக்கிறதா, புடைத்துக்கொண்டிருக்கிறதா? குழிந்திருந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் மூளையை நேரடியாக அமுக்கும், அந்தப் பக்கத்து ரத்த ஓட்டமும் குளுக்கோஸ் எரிப்பும் குறையும். எலும்பைத் திரும்ப வைத்தபின் சிலருக்கு அது ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். புடைத்திருந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. ஒரு சாதாரண சி.டி. எடுத்து நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றை வைத்துக்கொண்டு பெட் எடுத்தால், சரிசெய்திருக்கக் கூடிய மங்கலை நிரந்தர மங்கல் என்று படித்துவிடுவார்கள்.

மூன்றாவது, மாத்திரைகள். வலிப்புக்குத் தரும் கார்டினால், குளோனாசெபாம் போன்றவை மூளையின் எரிப்பையே குறைக்கும். இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென் தூங்க வைக்கும். நீங்களாக ஒன்றைக்கூட நிறுத்தாதீர்கள். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு மருந்தைத் தூக்கம் குறைவான வேறொன்றுக்கு மெதுவாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கூடவே மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையும் வேண்டும். கைகால் துடிக்காமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பு உண்டு. அது சுயநினைவையும் மறைக்கும், பெட் படத்தில் ஓர் இடத்தைப் பொய்யாக ஒளிரவும் வைக்கும்.

இவை முடிந்து, கண்ணாடிச் சோதனையும் ஐந்து முறைப் பரிசோதனையும் தெளிவில்லாமல் நின்றால், அப்போது பெட் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பரிசோதனையில் சுயநினைவு உறுதியாகத் தெரிந்துவிட்டால் எனக்குத் தோன்றுவது, அந்தப் பணம் பிசியோதெரபிக்குப் போகட்டும்.

தேதி வாங்கும்போது 'பிரெயின் பெட்' என்று சொல்லுங்கள். புற்றுநோய்க்கு எடுக்கும் முழு உடல் ஸ்கேனில் தலைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், அந்தப் படம் இதற்குப் பயன்படாது. முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும், மருந்துப் பட்டியலையும், உங்கள் வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள்.

குழாய் உணவை ஊசிக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் விடலாம். டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் ஓடக் கூடாது. பாக்கெட்டில் வரும் சத்துமாவுக் கரைசலில் சர்க்கரை அதிகம், 'மருந்துதானே' என்று வழியில் ஊற்றிவிடாதீர்கள். ரத்த சர்க்கரை 160க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உண்மையான குளுக்கோஸும் எஃப்டிஜியும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும், மேற்பட்டை முழுவதும் மங்கலாகத் தெரியும். அந்த இடத்திலேயே இன்சுலின் போட்டு இறக்குவதும் உதவாது. ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கினாலும் செல்லுக்குள் இறங்க நேரம் பிடிக்கும், இன்சுலின் மருந்தைத் தசைக்கும் தள்ளிவிடும். அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், சரியாகத்தான் செய்கிறார்கள். ஃபுளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகிவிடும். அதனால் மருந்து உங்கள் நேரத்துக்குக் கணக்கிட்டுத்தான் வரும், தாமதமாகப் போனால் காத்திருக்காது. வீட்டிலேயே காலையில் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு, எண் கூடுதலாக இருந்தால் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மருந்து ஏற்றக் கை நரம்பில் பொருத்தும் ஊசிக் குழாயை (வென்ஃப்ளான்) முன்னதாகவே போட்டுவிடச் சொல்லுங்கள். ஊசி குத்திய வலியும் பரபரப்பும் அடங்கியபின் மருந்து போவது நல்லது. மருந்தின் அளவு பெரியவர்களுக்குப் பொதுவாக 5 மில்லிக்யூரி, அதாவது 185 மெகாபெக்கரல்.

மருந்து ஏறியபின் வரும் அரை மணி நேரம்தான் முக்கியம். கேமராவுக்குள் படுப்பது அதற்குப் பிறகு. ஆனால் படம் உண்மையில் உருவாவது இந்த அரை மணி நேரத்தில், மங்கிய வெளிச்சமும் அமைதியும் உள்ள அறையில். அப்போது அவர் கண் திறந்து விழித்திருக்க வேண்டும். தூங்கிவிட்டால் தூங்கும் மூளையின் படம்தான் வரும். ஒருவர் பக்கத்தில் இருந்து, எத்தனை நிமிடம் விழித்திருந்தார் என்று எழுதுவது நல்லது. கண் செருகினால் தோளை அழுத்தி எழுப்பலாம்.

இங்கே அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். "நான் பேசினா அவன் மூளை நல்லா வேலை செய்யும், படமும் நல்லா வரும்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த அரை மணி நேரம் பேச வேண்டாம், பாட்டும் வேண்டாம், மொபைல் அணைந்திருக்கட்டும். சத்தம் கேட்டால், காதிலிருந்து வரும் செய்தியை வாங்கும் மூளையின் முதல் நிலையம் ஒளிரும். சுயநினைவே இல்லாதவர்களுக்கும் அது ஒளிர்வது உண்டு, அங்கிருந்து செய்தி மேலே போவதில்லை, அவ்வளவுதான். நமக்கு வேண்டிய வலைக்கு அந்த ஒளி சாட்சி சொல்லாது. ஒப்பிடப் பயன்படும் ஆரோக்கியமானவர்களின் படங்களும் அமைதியில் எடுத்தவைதான்.

அவர் இருமினாலோ தலையை அசைத்தாலோ மயக்க ஊசி போடலாமா என்று கேட்பார்கள். போடத்தான் வேண்டுமென்றால், மருந்து ஏறி 30 நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். அதற்குள் எஃப்டிஜியின் பெரும்பகுதி சிக்கிவிட்டிருக்கும், படம் மாறாது. முன்னாலேயே புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைப் போட்டால் நல்ல மூளையின் எரிப்பே பாதியளவுக்கு இறங்கிவிடும். ஆரோக்கியமான ஒருவரையே சுயநினைவில்லாதவர் போலக் காட்டும் அளவு அது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேமராவுக்குள் 15 முதல் 20 நிமிடம் மல்லாந்து படுக்க வேண்டும். ஏற்றுவதற்குச் சற்று முன் டிரக்கியாஸ்டமியில் சளியை எடுக்க சக்‌ஷன் செய்துவிடுங்கள். படத்தை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுத்தால், நடுவில் இருமினாலும் அசைந்த துண்டை மட்டும் நீக்கிவிடலாம். பெட்டோடு சேர்த்து ஒரு சி.டி.யும் எடுப்பார்கள், அது எடுத்தபின் தலை சற்றுத் திரும்பினால் இரண்டும் பொருந்தாமல் ஒரு பக்கம் பொய்யாக மங்கும். பெட்டும் சி.டி.யும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

ரிப்போர்ட் எழுதும் மருத்துவரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டர் பொதுவாக மூளையின் மிக ஒளிர்ந்த இடத்தை நூறாக வைத்து மற்றதுக்கு நிறம் பூசும். முழு மூளையும் சமமாக மங்கியிருந்தால், அந்த நிறப் பூச்சில் ஏறக்குறைய நல்ல மூளைபோலவே தெரியும். நேர்மாறாக, சிறுமூளையும் மூளைத்தண்டும் நன்றாக எரிந்தால் மேற்பட்டை கறுத்துத் தெரியும். ஆகவே நிற அளவை நிலையாக வைத்துப் பார்த்தார்களா, இதே வயது ஆரோக்கியமானவர்களின் படங்களோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். எலும்பு இல்லாத பக்கத்தில் மூளையின் வடிவம் மாறியிருப்பதால் தானியங்கி ஒப்பீடு தடுமாறும், அதைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். லீஜ் குழு 2016இல் 131 நோயாளிகளை வைத்து, மேற்பட்டையின் எரிப்பு சாதாரண அளவில் 42 சதவீதத்துக்குக் கீழே போனால் சுயநினைவு தங்குவதில்லை என்று சொன்னது. இணையத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் ரிப்போர்ட்டில் தேடாதீர்கள். அவர்களின் கருவி, அவர்களின் ஒப்பீட்டுப் படங்கள், அவர்களின் கணக்கு முறை சேர்ந்துதான் அந்த 42. வேறொரு இடத்தின் படத்துக்கு அப்படியே பொருந்தாது.

கதிரியக்கம் பற்றிக் கேட்டீர்கள். இந்த அளவு மருந்தில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 3.5 மில்லிசீவர்ட், தலைக்கு மட்டும் எடுக்கும் குறைந்த அளவு சி.டி. சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்காகப் பயந்து பரிசோதனையை விட வேண்டியதில்லை. அன்று மாலை வரை கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பக்கத்தில் அதிக நேரம் இருக்க வேண்டாம். மருந்தில் ஒரு பகுதி சிறுநீரில் வரும் என்பதால், யூரின் பேக்கைக் கையுறை போட்டுக் கழிப்பறையில் கொட்டி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

முடிவு மோசமாக வந்தால்? தலைக்காயத்துக்கும், மூச்சு நின்று ஆக்சிஜன் இல்லாமல் போவதற்கும் கணக்கு வேறு. காயத்தில் நரம்பிழைகள் அறுந்து தொடர்பு போகிறது, செல்கள் பல உயிரோடு இருக்கலாம். அதனால்தான் 2018இல் அமெரிக்க நரம்பியல் அமைப்பு, தலைக்காயத்துக்கு 12 மாதம் கடந்த பிறகே இந்த நிலையை நாட்பட்டது என்று அழைக்கச் சொன்னது, 'நிரந்தரம்' என்ற சொல்லையும் விட்டுவிட்டது. தம்பிக்கு நாலரை மாதம்தான் ஆகிறது. இப்போதே "இவ்வளவுதான்" என்பது அவசரம். அதேபோல நல்ல முடிவு வந்தால் அவர் எழுந்து நடப்பார் என்று பொருளல்ல. உள்ளே ஆள் இருக்கிறார், வெளியே வர வழி தேட வேண்டும் என்று பொருள்.

சிகிச்சை ஸ்கேனுக்காகக் காத்திருக்கவும் கூடாது. அமண்டடின் என்ற மாத்திரை, காயம்பட்டு 4 முதல் 16 வாரத்தில் இருந்த 184 பேரிடம் தேறும் வேகத்தைக் கூட்டியதாக 2012இல் நிரூபிக்கப்பட்டது. தம்பிக்கு அந்தக் காலம் சற்றுக் கடந்துவிட்டது, வலிப்பைத் தூண்டும் குணமும் அந்த மருந்துக்கு உண்டு. கிட்னி பரிசோதனை செய்து, உங்கள் நரம்பியல் மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். கைகால் மூட்டுகளை நாளுக்கு இரண்டு வேளை நீட்டி மடக்குவதும், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடுவதும் எந்த ரிப்போர்ட் வந்தாலும் நிற்கக் கூடாது. பின்னால் சுயநினைவு வரும்போது விரல்கள் இறுகிப்போயிருந்தால், "ஆம்" என்று காட்டக்கூட அவருக்குக் கை இருக்காது.

ரிப்போர்ட்டை அவர் கட்டிலருகே நின்று வாசிக்க வேண்டாம். டாக்டர் வீட்டுக்கு வந்து பேசினாலும் வாசலுக்கு அழைத்துப் போய்ப் பேசுங்கள்.